மடிப்புக்குள் மூன்றாவது கோடு

டொக். சற்று நேரம் ஒன்றுமில்லை. மறுபடியும் டொக். மூன்று நாளாக இருட்டிய பிறகு இந்தச் சத்தம். முதல் நாள், யாரோ எங்கள் கதவைத்தான் தட்டுகிறார்கள் என்று பாப்பாவை இறுக்கிக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருந்தேன். என் வீட்டுக்காரருக்கு எண்ணூரில் இரவு ஷிஃப்ட்.

பயத்துக்குக் காரணம் என் தொழில். ஆயுதக் குழுக்களின் கொடி, சின்னம் என்று போனில் சுற்றும் படங்களைப் பார்த்து, ‘இது அவர்கள் நிஜமாகவே பிடிப்பது, இது எவனோ வரைந்தது’ என்று பிரித்துச் சொல்லும் உத்தியோகம். ராயபுரத்து வீட்டிலிருந்தபடியே. ஒரு கையில் மௌஸ், மறு கையில் பால் பாட்டில் என்று வேலை பார்ப்பவர்களுக்கு என் நிலைமை புரியும். கேளுங்கள்.

பத்துக் கழுகு

சேர்ந்த புதிதில், ஒரு குழுவின் சின்னம் என்று ஒரு படம் வந்தது. கழுகு, குறுக்கே இரண்டு கத்தி. தேடினால் பத்து இணையதளங்களில் அதே கழுகு. ‘உண்மை’ என்று எழுதி அனுப்பிவிட்டுப் பெருமையாகத் தோசை சுட்டேன். மேலாளர் பிரியா மேடம் போனில் வந்தார். அந்தக் குழு தானே வெளியிட்ட வீடியோவில், ஒருத்தன் சட்டையிலாவது, ஒரு வண்டியிலாவது இந்தக் கழுகைக் காட்டு என்றார். மூன்று மணி நேரம் பார்த்தேன். கழுகு இல்லை. அவர் சொன்னார்: “பத்து சைட்ல இருந்தா பத்து சாட்சி இல்லம்மா. ஒருத்தன் வரைஞ்சான், ஒன்பது பேர் சுட்டுட்டாங்க.”

சீனி வாங்கப் போன இடம்

இன்னொரு நாள் அவசரமாக ஒரு படம் வந்தபோது நான் மளிகைக் கடையில் நின்றிருந்தேன். செல்ஃபியில் எடுத்ததால் கொடியின் எழுத்து இடவலம் மாறியிருந்தது. போனைக் கடைக் கண்ணாடிக்கு நேரே பிடித்துப் படித்தேன். கண்ணாடியில் முகமூடியும் துப்பாக்கியுமாக ஆறு பேர். திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து வந்த கடைக்கார அண்ணாச்சி எட்டிப் பார்த்துவிட்டார். “ஏம்மா, சீனி வாங்க வந்த எடத்துக்கு இவனுவள எதுக்குக் கூட்டிட்டு வாரீய? வேற ஆளு நிக்காவல்லா!”

மடிப்பு

அன்று சிரித்தேன். போன வாரம் வந்த படத்துக்குச் சிரிக்க முடியவில்லை. பாப்பாவுக்குக் காய்ச்சல் கொதித்துக்கொண்டிருந்தது. மங்கலான படம், கறுப்புத் துணி, நடுவில் வெள்ளை வட்டம், அதன் கீழே கோடுகள். வடசென்னைக் கடற்கரையில் எடுத்ததாம். எங்கள் பட்டியலில் உள்ள ஒரு குழுவின் கொடியில் வட்டத்துக்குக் கீழே மூன்று கோடு உண்டு. படத்தில் தெரிந்தது இரண்டு. துணி காற்றில் மடிந்திருந்தது. மூன்றாவது கோடு மடிப்புக்குள் இருக்கும் என்று நானே வைத்துக்கொண்டேன். ‘ஒத்துப்போகிறது’ என்ற கட்டத்தில் டிக் போட்டுவிட்டு மருந்து ஊற்ற ஓடினேன்.

சாயங்காலம் டிவியில் அந்தப் படம். ‘நிபுணர்கள் உறுதி’ என்று சிவப்பில் ஓடியது. இவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். “நிபுணர்னா நீயா? பாப்பாவுக்கு மருந்து குடுத்தோமா இல்லையான்னு என்னை வந்து கேட்டியே, அந்த நிபுணரா?”

எதிர்வீட்டுச் சுவர்

மறுநாள் துணி காயப்போட மாடிக்குப் போனேன். கீழே போலீஸ் ஜீப் நின்றது. எதிர்வீட்டு ஏழுமலை அண்ணனை ஏற்றினார்கள். காசிமேட்டில் ஃபைபர் படகு வைத்திருப்பவர். அவர் பின்னாலேயே, சுவரில் சாய்த்திருந்த மூங்கில் கழிகளையும் ஏற்றினார்கள். கடலில் வலையின் முனை தெரிவதற்காக மிதவையில் நட்டுவிடும் கொடிக் கழிகள். தன் வலை எது என்று தெரிய ஒவ்வொரு படகுக்காரரும் ஒரு குறி போட்டுக்கொள்வார். அண்ணனுடையது கறுப்புக் குடைத் துணி. பெயின்ட் டப்பாவின் அடியைத் தோய்த்து அழுத்திய வட்டம். இரண்டு பெண் பிள்ளைகள் என்பதால் இரண்டு கோடு.

அந்தக் கழிகளைக் காட்டித்தான் தினமும் பாப்பாவுக்குச் சோறு ஊட்டுகிறேன். கையிலிருந்த ஈரத் துணி நழுவியது. அண்ணனின் மனைவி தேசம்மா அக்கா ஜீப்பின் பின்னாலேயே ஓடினார். “அது வலைக்கு வெச்ச கொடி சார்! அதுக்குப் போய் இன்னாத்துக்கு சார் ஆளத் தூக்கினு போறீங்கோ?”

மூன்று பத்தி

கான்வென்ட்டில் தப்பு செய்தால் சிஸ்டர் மூன்று பத்தி எழுதச் சொல்வார். என்ன செய்தேன், ஏன் செய்தேன், யாருக்கு நஷ்டம். பிரியா மேடத்துக்கு அதே மாதிரி எழுதினேன். சாட்சிக்குப் பாப்பாவின் பிறந்தநாள் படத்தை வைத்தேன். மாடியில் கேக்குடன் அவள் நிற்க, பின்னால் கீழே வாசலில் ஏழுமலை அண்ணன் கழியைப் பிடித்துக்கொண்டு கோடு தீட்டுகிறார். துணி விரிந்திருக்கிறது, மடிப்பே இல்லை. கோடு இரண்டே இரண்டு. என் பெயரும் குழந்தை முகமும் போலீஸ் ஃபைலுக்குப் போகும் என்று அனுப்பாமலே வைத்திருந்தேன். இவர் பக்கத்தில் நின்றுகொண்டு சொன்னார்: “அனுப்பு. ஆனா நீதான் டிக் போட்டேன்னு தெரிஞ்சா இந்தத் தெருவுல தண்ணி பிடிக்கக்கூட நிக்க முடியாது, அதையும் யோசிச்சுக்கோ.”

தாழ்ப்பாள்

அனுப்பினேன். பிரியா மேடம் அதை அப்படியே போலீசுக்கும் அனுப்பினார். ஆனாலும் ஆள் வரவில்லை. இன்று மத்தியானம் எதிர்வீட்டுக்குப் போனேன். அடுப்பு பற்றவைத்த அடையாளமே இல்லை. மூன்று நாளாகக் கேட்ட டொக் இந்த வீட்டுக் கதவுதான். எதையோ கேட்க வேண்டுமே என்று, “கதவு ராத்திரியெல்லாம் காத்துல அடிச்சுக்குதே அக்கா, தாழ் போடக்கூடாதா?” என்றேன். “அவுரு வர்ற வரிக்கும் போட மாட்டேன். தட்டினு வாசல்ல நிக்கக் கூடாது” என்றார். அப்போதுதான் சொன்னேன், எல்லாவற்றையும். திட்டுவார், அடிப்பார் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது இவ்வளவுதான்: “இன்னாமே, எதுர் வூட்டுக் கொடில எத்தினி கோடு கீதுன்னு தெரியல. ஊரான் கொடிய நீ எப்டிமே பாத்து சொல்ற?”

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் ஆட்டோ ஒன்று நின்றது. செருப்புச் சத்தம், மெதுவாக. அண்ணனின் பெண் பிள்ளைகள் இரண்டும் ஒரே நேரத்தில் அழுதன. என் ஜன்னலைத் திறக்கத் தைரியமில்லை. இரண்டு கோட்டை மூன்றாக எண்ணிச் சம்பளம் வாங்கும் எனக்கு, இப்போது எதிர்வீட்டில் உள்பக்கமாக விழுந்த தாழ்ப்பாளை மட்டும் பிசகாமல் எண்ணத் தெரிந்தது: ஒன்று.