அக்காவுக்கு ஒரு ஆட் பிளாக்கர்

என் அக்காவின் குழந்தைக்கு முதல் பிறந்தநாள் வருகிறது என்று எங்களுக்கு நினைவுபடுத்தியது ஒரு செருப்புக் கடை. "உங்கள் செல்லத்துக்கு ஒரு வயதா? முதல் நடைக்கு முதல் ஷூ!" என்று ஒரு ஜோடி மஞ்சள் ஷூவைப் போனின் திரை முழுக்க ஆட்டிக் காட்டியது. அந்தக் குழந்தையை ஏழாம் மாதத்திலேயே ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். எடுக்கும்போதே உயிர் இல்லை. நடையாவது, ஷூவாவது.

நான் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். விடுமுறை நாள். மதியச் சாப்பாடு முடிந்து, அக்கா வழக்கம்போல் போனில் தொடர்கதை படித்துக்கொண்டிருந்தாள். ஷூவைப் பார்த்ததும் அவள் அதை மூடப் பார்த்தாள். மூலையில் கடுகளவுக்கு ஒரு பெருக்கல் குறி இருந்தது. அதைத் தொடப் போய், விரல் தவறி ஷூவின் மேலேயே பட்டது. உடனே கடை திறந்துகொண்டு, "அளவைத் தேர்ந்தெடுக்கவும்" என்றது. அக்கா போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்துபோய்ப் பாத்திரம் தேய்க்க ஆரம்பித்தாள். ஏற்கெனவே தேய்த்து அடுக்கியிருந்த பாத்திரங்கள்.

எனக்கு உச்சந்தலைவரை சூடேறியது. நான் ஒரு கூரியர் கம்பெனியில் புகார்ப் பிரிவில் இருக்கிறேன். தொலைந்த பார்சலுக்கும் நசுங்கிய பெட்டிக்கும் நாள் முழுக்க ஊரார் என்னைத் திட்டுவார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு "மன்னிக்கவும்" சொல்வதுதான் என் வேலை. அதனால் சொந்தக் கோபத்தையெல்லாம் சேர்த்துவைத்து வீட்டில்தான் செலவழிப்பேன். வீடு என்றால் அக்கா வீடு. வேலை கிடைத்ததிலிருந்து அவளோடும் மாமாவோடும்தான் இருக்கிறேன்.

அக்கா என்னைப்போல் இல்லை. எங்கள் வீட்டில் இரண்டு பேருக்கும் பங்கிட வேண்டிய பொறுமையை மொத்தமாக அவளிடமே கொடுத்துவிட்டார்கள். மூக்குக்கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்ப்பது அவள் வேலை. வட்டமாக வரும் லென்ஸின் நடுவில் ஒரு புள்ளி வைப்பாள், மெஷினில் பூட்டுவாள், தண்ணீர் பீய்ச்சப் பீய்ச்ச அது ஃபிரேமின் வடிவத்துக்குத் தேய்ந்து வரும். எடுத்து ஓரத்தைக் கட்டைவிரலால் ஒரு சுற்று தடவிப் பார்ப்பாள். புள்ளி கொஞ்சம் தள்ளிப்போனாலும் போட்டுக்கொள்கிறவருக்குத் தலைவலி வந்துவிடும், அப்புறம் கடை முதலாளி இவளுக்குத் தலைவலி ஆகிவிடுவார். சாயங்காலம் வீட்டுக்கு வரும்போது மணிக்கட்டில் வெள்ளைத் தூள் காய்ந்து ஒட்டியிருக்கும்.

அவளுக்கு இருந்த ஒரே ஆடம்பரம் தொடர்கதை. பெண்கள் தினம் ஓர் அத்தியாயமாக எழுதிப் போடுகிற தளம் ஒன்று உண்டு. இடைவேளையில் ஒரு கையால் சாப்பிட்டுக்கொண்டே மறு கையால் படிப்பாள். கீழே கருத்தும் எழுதுவாள்: "இந்த ஹீரோவுக்கு ரெண்டு அறை விட்டாத்தான் புத்தி வரும்." நேரில் ஒருவரையும் அதட்டத் தெரியாதவள், கதையில் வருகிறவர்களை மட்டும் விட்டுவைக்க மாட்டாள்.

வயிற்றில் குழந்தை இருந்தபோது வேறொரு தளத்தில் பிரசவத் தேதியைக் கொடுத்துவைத்திருந்தாள். இந்த வாரம் குழந்தை இவ்வளவு நீளம், இந்த வாரம் காது கேட்கும் என்று அது சொல்லிக்கொண்டே வரும். எங்களுக்கும் வாசித்துக் காட்டுவாள். திடீரென்று ஒருநாள் எல்லாம் தலைகீழானது. மயக்க மருந்து கொடுத்து அவசரமாக ஆபரேஷன் செய்தார்கள். அவள் கண் விழிப்பதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது, அடக்கம் உட்பட. "அவ பார்க்க வேணாம், பார்த்தா தாங்க மாட்டா" என்று பெரியவர்கள் கூடி முடிவெடுத்தார்கள். பெண் குழந்தை. மாமா ஒருவர்தான் அதன் முகத்தைப் பார்த்தார். அவள் வீடு திரும்புவதற்குள் சின்னத் துணிகளையெல்லாம் யாரோ எடுத்துப் போய்விட்டார்கள். அன்றோடு வீட்டில் அந்தப் பேச்சும் நின்றது.

எங்கள் வீட்டில் நின்றது, விளம்பரக்காரர்களிடம் நிற்கவில்லை. அந்தத் தளத்துக்கு யார் போய்ச் சொல்வது? அவர்கள் கையிலிருந்த தேதி வந்ததும், தொட்டில் போய் டயப்பர் வந்தது. பிறகு பல் முளைக்கும்போது கடிக்கிற வளையம், பிறகு கஞ்சி மாவு. எங்களிடம் இல்லாத குழந்தை அவர்களிடம் மட்டும் மாதாமாதம் வளர்ந்துகொண்டிருந்தது. கதாநாயகி கண்ணீரோடு கதவைத் திறக்கும் இடத்தில் குறுக்கே ஒரு பாப்பா பொக்கைவாயைத் திறந்து சிரிக்கும்.

ஷூவுக்கு மறுநாள் அக்காவின் போனைப் பிடுங்கிக்கொண்டேன்.

"எதுக்குடி?"

"சுத்தம் பண்ணணும், குடு."

விளம்பரத்தைத் தடுக்கும் செயலி என்று தேடினால் முதலில் வந்து நின்றவை அத்தனையும் விளம்பரங்கள். அந்த வெட்கங்கெட்டதனத்தைப் பார்த்தாவது நான் நிதானித்திருக்கலாம். நட்சத்திரம் நிறைய வாங்கிய ஒன்றை, கேடயம் படம் போட்டிருந்ததை, இறக்கினேன். திறந்ததும் அதுவே முழுத் திரைக்கு ஒரு விளம்பரம் காட்டியது. அதை மூடினால், போனில் இருக்கும் நம்பர்களையெல்லாம் பார்க்க அனுமதி கேட்டது, நாங்கள் இருக்கும் இடத்தைப் பார்க்கவும் அனுமதி கேட்டது. காவலுக்கு வந்தவன் பீரோ சாவியைக் கேட்டால் அவனை என்ன செய்வது? வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே அழித்தேன்.

அடுத்தது பேர்பெற்ற ஒன்று. முதலில் ஒழுங்காகத்தான் இருந்தது. பிறகு ஒருநாள் கதையின் ஓரத்தில் ஒரு தொட்டில், ஆடாமல் அசையாமல், மரியாதையாக வந்து நின்றது. உள்ளே போய்த் துழாவினேன். "ஏற்கத்தக்க விளம்பரங்களை அனுமதி" என்று ஒரு கட்டம், எங்களைக் கேட்காமலே டிக் போடப்பட்டிருந்தது. சத்தம் போடாத, திரையை மறைக்காத விளம்பரம் என்றால் விட்டுவிடுவார்களாம். பெரிய கம்பெனிகள் அதற்குக் காசும் கட்டுவார்களாம். யார் ஏற்றுக்கொண்டது அதை? என் அக்காவைக் கேட்டார்களா? ஆடாத தொட்டில் என்றால் வலிக்காதா?

மூன்றாவது, போனின் இணையம் முழுவதையும் தன் வழியாகத் திருப்பிவிடுகிற ரகம். போன் இஸ்திரிப்பெட்டி மாதிரி சுட்டது. கடையில் லென்ஸ் ஆர்டர் பார்க்கிற செயலி திறக்கவே மாட்டேன் என்றது. நான் செய்த கூத்துக்கு அக்கா முதலாளியிடம் வாங்கிக் கட்டிக்கொண்டாள். வீட்டுக்கு வந்து, "விட்டுடு. எனக்குப் பழகிடுச்சு" என்றாள். அந்த வார்த்தைதான் என்னை இன்னும் கிளப்பிவிட்டது. பழகுகிற விஷயமா இது?

எங்கள் ஆபீஸில் பார்சல் பிரிக்கிற இடத்தில் ஒருவர் இருக்கிறார். தாடி என்றுதான் எல்லாரும் கூப்பிடுவோம். அவரிடம் போய்ப் புலம்பினேன்.

"செயலியா தேடித் தேடி இறக்காதீங்க," என்றார் தாடி. "பிரவுசரையே மாத்துங்க. தடுப்பானைத் தனியா சேர்த்துக்க விடற பிரவுசரா பார்த்து எடுங்க. சேர்க்கறதுக்கு முன்னாடி ஒண்ணே ஒண்ணு பாருங்க. அதை எழுதினவனுக்குச் சோறு யார் போடறா? அதைச் சொல்லாம மழுப்பறான்னா, உங்களை வித்துத்தான் சாப்பிடறான்னு அர்த்தம்."

அப்படிப் பார்த்துத் தேர்ந்தெடுத்தது, நாலு பேர் சேர்ந்து சும்மா எழுதிக் கொடுத்திருந்த ஒன்று. உள்ளே என்ன எழுதியிருக்கிறது என்று யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். விளம்பரக்காரனிடம் கைநீட்ட மாட்டோம் என்று முகப்பிலேயே சொல்லியிருந்தார்கள். பிரவுசரை மாற்றி, அதைச் சேர்த்து, தொடர்கதையைத் திறந்து அக்காவிடம் நீட்டினேன். வெறும் எழுத்து. மேலிருந்து கீழ்வரை வெறும் எழுத்து.

"என்னடி இது, அத்தியாயம் இவ்வளவு சின்னதா?" என்று கேட்டாள் அக்கா. நாங்கள் இருவரும் சிரித்தோம்.

சிரிப்பு நீடிக்கவில்லை. சமையல் வீடியோ பார்க்கும்போது அதே மஞ்சள் ஷூ வந்தது. மறுபடி தாடியிடம் ஓடினேன்.

"பிரவுசர்ல போட்ட தடுப்பான் பிரவுசர்லதான் மறைக்கும். அவங்க நினைப்புல இருக்கறதை அழிக்கணும்னா போன்ல இருக்கற ஈமெயில் கணக்குக்குள்ள போய், குழந்தைங்கற அந்த விளம்பரத் தலைப்பை நிறுத்தணும். போன்ல யார் கணக்கு இருக்கு?"

மாமாவின் கணக்கு. எங்கள் வீட்டில் எல்லாப் போனிலும் மாமா கணக்குத்தான். யாருக்குப் புதுப் போன் வாங்கினாலும் மாமாதான் தன் ஈமெயிலைப் போட்டுத் தொடங்கிக் கொடுப்பார். ஒரே கணக்கு, ஒரே பாஸ்வேர்டு, ஒருத்தர் மறந்தால் இன்னொருத்தர் சொல்லலாம் என்று அதில் அவருக்குப் பெருமை வேறு. எனக்குச் சட்டென்று உறைத்தது. கல்யாணமே ஆகாத என் போனிலும் டயப்பர் வந்துகொண்டிருந்தது. பக்கத்துச் சீட்டுக்காரி கேலிகூடச் செய்தாள். ஊருக்கெல்லாம் வருகிற விளம்பரம் என்றுதான் நான் நினைத்திருந்தேன். அக்கா தேடியதெல்லாம் எங்கள் மூன்று பேர் திரையிலும் வந்திருக்கிறது. அப்படியென்றால் மாமாவுக்கும் வந்திருக்கிறது.

அடுத்த விடுமுறை நாள் காலை, மாமா கூடத்துத் தரையில் கருவிப் பையைக் கொட்டித் துடைத்துக்கொண்டிருந்தார். லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் வேலை. கணக்கைச் சரிசெய்ய வேண்டும் என்று சொல்லிப் போனைக் கேட்டேன். கொஞ்சம் தயங்கித்தான் கொடுத்தார். திறந்தால், அதே பிரவுசர். நான் நாயாய் அலைந்து கண்டுபிடித்த அதே தடுப்பான்.

"இதை எப்பப் போட்டீங்க மாமா?"

அவர் ஸ்பேனரைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "ரொம்ப நாளாச்சு."

"ரொம்ப நாள்னா?"

"ஆஸ்பத்திரியிலேருந்து வந்த கொஞ்ச நாள்ல."

எனக்குக் கண்ணே இருட்டிவிட்டது. "உங்க போன்ல மட்டும் போட்டுக்கிட்டீங்க! உங்களுக்கு மட்டும் நிம்மதி! அவ ஒரு வருஷமா சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னாடி உக்காந்து தொட்டிலையும் டயப்பரையும் பார்த்துட்டு இருந்தா. ஒரு வார்த்தை, ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா? நீங்கல்லாம் மனுஷனா?"

"கத்தாதே," என்றார் மாமா. அவர் குரலும் ஏறியது. "லிஃப்ட் குழிக்குள்ள நின்னு வயரிங் படம் பார்த்துட்டு இருக்கேன், திடீர்னு போன்ல ஒரு குழந்தை சிரிக்குது. அந்தக் குழிக்குள்ள அது எப்படிக் கேக்கும் தெரியுமா உனக்கு? கையிலேருந்து ஸ்பேனர் விழுந்துடுச்சு. அன்னிக்கே போட்டேன். அவ போன்ல போடணும்னா எதுக்குன்னு கேப்பா. அப்ப அதைப் பத்திப் பேசணும். எனக்கு வாய் வரலை. போதுமா?"

"எனக்கும் சேர்த்துச் சொல்லுங்க," என்று பின்னாலிருந்து குரல் வந்தது.

அக்கா சமையலறை வாசலில் நின்றிருந்தாள். கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. அவளுக்குக் கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை; அன்று பார்த்தேன். சத்தம் போடவில்லை, ஆனால் முகம் அடையாளமே தெரியவில்லை.

"ஆஸ்பத்திரில என்கிட்டேருந்து மறைச்சீங்க. துணியை மறைச்சீங்க. இப்ப இவ வந்து போன்ல மறைக்கிறா. என்னை யாராவது கேட்டீங்களா?"

"அக்கா, அந்த விளம்பரம் உனக்கு..."

"விளம்பரம் போனது நல்லதுதான்டி. அது போனதாவே இருக்கட்டும். அதைப் பார்க்கறப்பல்லாம் போனை மெஷினுக்குள்ள போட்டுத் தேய்ச்சிடலாம்னு எனக்கு ஆத்திரம் வரும். ஆனா ஒண்ணு சொல்றேன், கேட்டுக்க. இந்த வீட்ல என் பொண்ணு பேச்சை எடுத்தது அந்த விளம்பரக்காரன் ஒருத்தன்தான். சரக்கு விக்கறதுக்காகவாவது எடுத்தான். அவளுக்கு ஒரு வயசு ஆகியிருக்கும்னு அந்தச் செருப்புக் கடைக்காரனுக்குத் தெரிஞ்சிருக்கு. உங்க ரெண்டு பேருக்கும் தெரியுமா?"

எனக்குத் தெரிந்திருக்கவில்லை. ஷூவைப் பார்த்த பிறகுதான் விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன். மாமாவுக்குத் தெரிந்திருந்தது என்று அவர் தலையைக் குனிந்ததிலேயே புரிந்தது.

அக்கா வந்து அவருக்கு எதிரே, ஸ்பேனர்களுக்கு நடுவில், தரையில் உட்கார்ந்தாள்.

"நீங்க பார்த்தீங்கல்ல. நான் பார்க்கல. பத்து நிமிஷமாவது கையில வெச்சிருந்தீங்கன்னு நர்ஸ் சொன்னாங்க. நீங்களா சொல்லுவீங்க, சொல்லுவீங்கன்னு இத்தனை நாள் காத்துட்டு இருந்தேன். சொல்லுங்க. யார் ஜாடை?"

மாமா துடைக்கிற துணியை மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். எழுந்து ஓடிவிடுவார் என்றே நினைத்தேன். அவர் ஓடியிருந்தால் நான் கதவை மறித்திருப்பேன்.

"உன் ஜாடைதான்," என்றார் கடைசியில். "மூக்கு, மோவாய் எல்லாம் நீதான். புருவத்தை மட்டும் இப்படிச் சுருக்கி வெச்சிருந்தா. யார் மேலயோ கோபமா இருக்கற மாதிரி."

அக்கா அவர் தோளில் ஓங்கி ஓர் அடி அடித்தாள். இன்னொரு அடி. "இதைச் சொல்ல உங்களுக்கு ஒரு வருஷமா? ஒரு வருஷமா?" மாமா தடுக்கவில்லை. அழுதார். நானும் அழுதேன், ஆனால் எனக்கு இன்னும் எல்லார் மேலும் கோபம் தீரவில்லை. மயக்கத்தில் இருந்தவளுக்காக முடிவெடுத்த பெரியவர்கள் மேல், துணியை எடுத்துப் போனவர்கள் மேல், கேட்கத் தெரியாமல் ஆட் பிளாக்கர் தேடிக்கொண்டிருந்த என் மேல்.

அக்கா ஈரக் கையாலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"முடி இருந்துச்சா?" என்று கேட்டாள்.

"நிறைய," என்றார் மாமா.