ஆழ்குழாய்க்குள் பெய்த மழை

தண்ணீரைச் சேமிக்கச் சொல்லித் தருவதுதான் என் உத்தியோகம். அதாவது, குடம் சுமந்து இடுப்பு வலிக்கிறவர்களிடம் போய்த் தண்ணீரின் அருமையைப் பேசுவது. கொசு ஒழிப்பு, குப்பை பிரிப்பு என்று வீடுவீடாக ஏறி இறங்கும் என் சக பாவிகளுக்கு விளக்கத் தேவையில்லை. நாற்காலி போடுவார்கள், காபி கொடுப்பார்கள், தலையாட்டுவார்கள். சொன்னதை மட்டும் செய்யமாட்டார்கள். போதாக்குறைக்கு எனக்குப் பகல்கனவு காணும் வியாதி வேறு. சூரமங்கலத்தில் பஸ் ஏறி உட்கார்ந்தால் போதும், தார் ரோட்டுக்கு அடியில் இருட்டில் தண்ணீர் மெதுவாக நகர்ந்து போவது கண்ணில் தெரியும். இறங்க வேண்டிய இடத்தைத் தவறவிடுவேன்.

ரிக் வண்டி ஊரில்

திருச்செங்கோட்டுப் பக்கம் மேட்டுக்காடு என்று ஒரு சின்ன ஊர். வீட்டுக்கு ஒருவர் ஆழ்குழாய்க் கிணறு தோண்டும் ரிக் லாரியில் ஏறி, வடமாநிலங்களுக்குப் போர் போடப் போயிருப்பார். ஊரின் பொதுப் போர் மட்டும் வற்றிக் கிடந்தது. லாரித் தண்ணீர்தான் கதி. போருக்குப் பக்கத்து வீடு கோமதியுடையது. அவள் வீட்டுக் கூரையில் விழும் மழையைக் குழாயில் பிடித்து, போரைச் சுற்றிக் கட்டும் ஜல்லியும் மணலும் போட்ட தொட்டியில் வடிகட்டி, வற்றிய போருக்குள்ளேயே விடலாம் என்றேன்.

ஊர்க்காரர்கள் கூடிப் பேசி, தொட்டி கட்டச் சம்மதித்து, ஒரு கெடுவும் வைத்தார்கள். ஐப்பசி மழை முடியட்டும். கார்த்திகையிலும் தண்ணீர் வராவிட்டால் ரிக்கை வரவழைத்து இன்னும் ஆழமாகப் புதுக்குழி போட்டுவிடுவது. ஏற்கெனவே சல்லடையாகிக் கிடக்கும் அந்த மண்ணில் இன்னொரு குழியா என்று கேட்டேன். லீவில் வந்திருந்த கோமதியின் கணவர், ரிக் டிரைவர் பழனிச்சாமி, எழுந்தார்.

"ஏனுங்க டீச்சர், நாங்க கம்ப்ரசர் போட்டு வெளிய ஊதுன தண்ணிய நீங்க உள்ள அனுப்பச் சொல்றீங்க. எது சரின்னு மொதல்ல நீங்களும் எங்க ஓனரும் பேசி முடிவு பண்ணிட்டு வாங்க."

பருப்பு

முதல் மழை பெய்த மறுநாள் ஆசையாக ஓடினேன். தொட்டி காய்ந்து கிடந்தது. கூரைக் குழாயின் வாயைத் திருப்பி டிரம்முக்குள் விட்டிருந்தாள் கோமதி. லாரியில் வருவதும் உப்புத் தண்ணீர்தானாம், அதில் பருப்பு வேகாதாம். மழைத் தண்ணீரில் வைத்தால் கரண்டி பட்டதும் மசியுமாம். அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் ஆளுக்கொரு குடம் போயிருந்தது.

திட்டத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் தட்டில் சோறு விழுந்து, மேலே பருப்பும் நெய்யும் வந்துவிட்டன. அப்படி ஒரு பருப்பை நான் சாப்பிட்டதில்லை. டிரம்முக்குள் மேகம் ஒன்று மிதந்துகொண்டிருந்ததைப் பார்த்தபடி இரண்டாம் முறையும் வாங்கிச் சாப்பிட்டேன். கடைசியில், முதலில் டிரம் நிறையட்டும், வழிவது தொட்டிக்குப் போகட்டும் என்று ராசியானோம். கோமதி சொன்னாள்:

"பூமிக்குள்ள ஊத்துனா எப்ப வருமோ தெரியாதுங்க டீச்சர். டிரம்முல ஊத்துனா மத்தியானமே சோத்துல வந்துருதுங்க."

மூடி

ஐப்பசி பிறந்தது. வானம் கறுத்துக்கொண்டிருந்தபோது தொட்டியை எட்டிப் பார்த்தேன். போரின் வாயில் நான் கட்டியிருந்த வலையைக் காணோம். போருக்குள் இறக்கியிருந்த கேசிங் பைப்பின் மேல் கனத்த இரும்பு மூடி, சுற்றிலும் அழகாக வெல்டிங் வைத்திருந்தது. லீவு முடிந்து ரயிலேறும் முன் பழனிச்சாமி செய்த கைங்கரியம். வேலை முடிந்த குழியை மூடாமல் அவர் எந்த ஊரையும் விட்டுக் கிளம்பியதில்லை.

கோமதி போனில் பிடித்து வாங்கு வாங்கென்று வாங்கினாள். மூடியை அறுக்க மட்டும் அவர் சம்மதிக்கவே இல்லை. வெல்டிங் பட்டறைக்காரர் வந்து, ஜல்லிக்குள் புதைந்திருந்த பைப்பின் பக்கவாட்டில் துளைகள் போட்டு வலை சுற்றினார். எனக்கு வந்த கோபமெல்லாம், போனில் பழனிச்சாமி சொன்னதைக் கேட்டதும் இறங்கிவிட்டது.

"எல்லா ஊட்லயும் கொழந்தைக ஓடியாடுதுங்க. வாயத் தொறந்து கெடக்கற போர விட்டுட்டு எனக்கு எப்படீங்க ரயில்ல தூக்கம் வரும்?"

ஐப்பசி மழை

பிறகு ஒருநாள் காலையிலேயே பிடித்த மழை நிற்கவில்லை. டிரம் நிறைந்து, வழிந்து, தொட்டி கலகலத்தது. குடையும் தார்ப்பாயுமாக ஊரே போரைச் சுற்றி நின்றது. இரும்பு மூடிக்குக் கீழே எங்கோ ஆழத்தில் தண்ணீர் விழும் சத்தம் மட்டும் கேட்டது. அன்று கனவு கண்டது நான் மட்டுமில்லை. கோமதி குனிந்து மூடியில் காதை வைத்தாள். ரொம்ப நேரம் எடுக்கவே இல்லை.

"உள்ளாற யாரோ பேசிக்கிட்டே நடந்து போற மாதிரி இருக்குதுங்க டீச்சர்."

கீழ்க்காடு

கார்த்திகை வந்தது. மறுபடி மூடிவிடுவதாகப் பழனிச்சாமிக்கு வாக்குக் கொடுத்து, மூடியை அறுத்து மோட்டாரை இறக்கிப் போட்டோம். இருமியது, செம்மண் கலங்கலாக ஒரு குடம் கொடுத்தது, நின்றுவிட்டது. ஊர்க்காரர்கள் என் முகத்தைப் பார்க்காமல் ரிக் கம்பெனிக்குப் போன் போட்டார்கள்.

அப்போது சரிவில் இருக்கும் கீழ்க்காட்டிலிருந்து சண்முகம் என்ற விவசாயி மூச்சு வாங்க ஏறி வந்தார். முள் மண்டிக் கிடந்த தன் பழைய கிணற்றில் தண்ணீர் ஏறி நிற்கிறது, வந்து பாருங்கள் என்றார். எல்லோரும் இறங்கிப் போனோம். பாறைச் சந்தில் தண்ணீர் சன்னமாகக் கசிந்துகொண்டிருந்தது. நாங்கள் மேலே விட்ட மழை, பாறை காட்டிய வழியில் இங்கே வந்து தங்கியிருந்தது. மேட்டுக்காட்டுக்காரர்கள் முகத்தில் ஈயாடவில்லை. கோமதி மட்டும் படியிறங்கி, ஒரு கை அள்ளிக் குடித்துவிட்டு, மேலே பார்த்துச் சிரித்தாள்.

"ரிக்கு வேண்டாம்னு சொல்லிருங்க. எங்கூட்டுத் தண்ணிதானுங்க இது. பொண்ணக் கட்டிக் குடுத்தாப்பல இங்க வந்துருச்சு, நல்லாத்தான் இருக்குது."

சண்முகம் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "அப்பப் பொறந்த ஊட்டுக்கு ஒரு பைப்பு இழுத்துரலாமுங்க."

ஆக, நான் தொண்டை கிழியப் பாடம் நடத்தியது மேட்டுக்காட்டுக்கு, பாஸானது கீழ்க்காட்டுக் கிணறு.