வெள்ளையடித்த விரிசல்

கட்டமைப்புப் பொறியியலில் கட்டுகிறவர்களைவிடக் கற்பிக்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு: எங்கள் கட்டடங்கள் கரும்பலகையை விட்டு இறங்குவதில்லை, அதனால் இடிந்து விழுவதும் இல்லை.

தேயிலைத் தோட்டத்து வரிசைவீடான லயத்தில் பிறந்து, படித்து, எங்கோ ஓர் உத்தியோகத்தில் உட்கார்ந்திருக்கும் அன்பர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. நீங்கள் டாக்டராக இருந்தால் ஊருக்குப் போனதும் மாத்திரை கேட்பார்கள். வக்கீலாக இருந்தால் வழக்கைச் சொல்வார்கள். என்னைக் கண்டால் கூரையைக் காட்டுவார்கள். நானும் அண்ணாந்து பார்த்துத் தலையாட்டிவிட்டு பஸ் ஏறிவிடுவேன்.

உடைக்கிற உத்தியோகம்

தேயிலைத் தொழிற்சாலையில் கொழுந்தைக் காயவைக்க விறகு எரிப்பார்கள். மிஞ்சுகிற சாம்பலை அள்ளி வந்து, சீமெந்தைக் குறைத்து அதற்குப் பதிலாக இதைக் கலந்து சுவர் கட்டும் கல் செய்வதுதான் என் ஆராய்ச்சி. செய்த கல்லை இயந்திரத்தில் வைத்து நசுக்குவோம். எவ்வளவு பாரத்தில் உடைகிறது என்று எழுதினால் கட்டுரை. கட்டுரைகள் சேர்ந்தால் பதவி உயர்வு. இப்படி உடைத்து உடைத்தே நான் முதுநிலை விரிவுரையாளர் ஆனேன்.

அக்கரப்பத்தனைப் பக்கம் ஒரு தோட்டத்தில், நான் பிறந்த அதே லயத்து அறையில், என் அக்கா செல்வி இன்னும் இருக்கிறாள். அங்கே ஒரு தீபாவளிக்குப் போயிருந்தேன். நல்ல மழை. அக்காவின் கணவருக்கு என் வேலையை ஆதியோடந்தமாக விளக்கினேன். மச்சான் ஒழுகும் இடம் பார்த்து வாளியை நகர்த்திக்கொண்டே எல்லாவற்றையும் கேட்டார். கடைசியில் மிகவும் மரியாதையாக ஒரு கேள்வி கேட்டார்:

“இத்தன வருஷத்துல ஒடைக்காம விட்ட கல்லு ஏதாச்சும் இருக்கா மாப்ள?”

நாய்க்கூடு

இருந்தது. எங்கே இருந்தது என்பதுதான் வெட்கக்கேடு.

பல்கலைக்கழகத்துக்குப் பக்கத்தில் நான் சொந்த வீடு கட்டினேன். மேடை மேடையாக ஏறி, சாம்பல் கல் உறுதியானது, மலைநாட்டுக்கு ஏற்றது, சுற்றாடலுக்கு நல்லது என்று தொண்டை வறளப் பேசுகிறவன், என் வீட்டைச் சூளைச் செங்கல்லாலும் கொங்கிரீட்டாலும் கட்டினேன். மனைவி பயப்படுகிறாள் என்று வெளியில் சொல்லிக்கொண்டேன். அவளுக்கு முன்பே எனக்குப் பயம் வந்துவிட்டிருந்தது.

குடிபுகுந்த நாளில் அக்கா வந்தாள். ஒவ்வோர் அறையாகப் போய்ச் சுவரைத் தட்டி, இது உன் கல்லா, இது உன் கல்லா என்று ஆசையாகக் கேட்டாள். நான் மழுப்பிக்கொண்டே பின்பக்கம் வரை வந்துவிட்டேன். அங்கே மிச்சக் கல்லில் கட்டிய நாய்க்கூடு இருந்தது. வேறு வழியில்லாமல் அதைக் காட்டினேன். அக்கா குனிந்து உள்ளே பார்த்தாள். நாய் வாலை ஆட்டியது.

“நாயாச்சும் ஒன்ன நம்புதே தம்பி.”

யார் வீட்டுப் படம்

ஒவ்வொரு வருடமும் முதல் விரிவுரையில் ஒரு படம் போடுவேன். புகையில் கறுத்த ஒரு சமையலறை. சுவரில் தரையிலிருந்து கூரைவரை ஒரு விரிசல். ‘ஒரு தோட்டத்தில் எடுத்தது’ என்பேன். அது அக்காவின் சமையலறை. படம் எடுக்கும்போது அவள் அடுப்படியில்தான் நின்றாள். கொஞ்சம் தள்ளி நில் என்று நான்தான் சொன்னேன்.

இந்த வருடம் யாழ்ப்பாணத்திலிருந்து வந்த மாணவி ஒருத்தி எழுந்து ஒரு சந்தேகம் கேட்டாள். கிண்டலில்லை, உண்மையிலேயே கேட்டாள். ‘இருக்கிறார்கள்’ என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குத் தாவிவிட்டேன். அவள் கேட்டது இதுதான்:

“இதுக்குள்ள ஆக்கள் இருக்கினமோ சேர், இல்லாட்டி விட்டுட்டுப் போட்டினமோ?”

ஹாட்வெயார் கடையில்

பிறகு ஒரு நல்ல காலம் வந்தது. வீடு கட்டிக் கொடுக்கும் ஓர் அமைப்பு, எங்கள் சாம்பல் கல்லை வைத்து லயத்து ஆட்களுக்குப் புதுவீடுகள் கட்டித்தர முன்வந்தது. எந்த லயம் அதிக ஆபத்தில் இருக்கிறதோ அதற்கு முதலிடம். நானும் மாணவர்களும் சுவர்களைப் பார்த்துச் சொல்ல வேண்டும், அமைப்பிலிருந்து கூட வரும் அதிகாரி அன்றைக்கே முடிவெடுப்பார். பார்க்க வேண்டியவற்றில் அக்காவின் லயமும் ஒன்று. படத்தில் விரிசலோடு நிற்கும் அதன் பின்சுவர் மேட்டு மண்ணை ஒட்டியிருக்கிறது. அடுத்த பெருமழையை அது தாங்குமா என்பது எனக்கே சந்தேகம். அதனால்தான் முன்பு போனபோது, விரிசலுக்குக் குறுக்கே ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டி வைத்திருந்தேன். சுவர் அசைந்தால் கண்ணாடி உடைந்துவிடும்.

புறப்படுவதற்கு முன் அக்காவுக்குப் போன் போட்டேன். பெரிய ஆட்கள் வருகிறார்கள், வீட்டைக் கொஞ்சம் பார்க்கிற மாதிரி வைத்திருங்கள் என்றேன். எவ்வளவு சாதாரணமாகச் சொன்னேன்!

வழியில் டவுனில், நாங்கள் ஏறி வந்த வான் வண்டியை நிறுத்தி, அளவு நாடா வாங்க இறங்கினேன். நானா என்று நாங்கள் கூப்பிடும் முஸ்லிம் கடைக்காரருக்கு என்னைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். சில்லறையைக் கொடுத்துக்கொண்டே முகமெல்லாம் சிரிப்பாக விசாரித்தார்:

“உங்க அக்காட லயத்து ஆக்கள் எல்லாம் வந்து சுண்ணாம்பு வாங்கிட்டுப் போனாங்க சேர். யாருக்குக் கலியாணம்?”

வாங்க சேர்

லயம் பளபளவென்றிருந்தது. களிமண்ணைக் குழைத்து விரிசல்களை அடைத்து, மேலே வெள்ளையடித்து, வாசலில் கோலம் போட்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை முழுக்க எல்லா வீட்டு ஆட்களும் வேலை செய்திருக்கிறார்கள். அக்கா நல்ல சேலை கட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். என்னைப் பார்த்தாள், என் பின்னால் வந்தவர்களைப் பார்த்தாள், கைகூப்பி “வாங்க சேர்” என்றாள்.

சேர்! கூடப் பிறந்தவள் என்னைச் சேர் என்கிறாள். நான் என்ன செய்தேன் என்கிறீர்கள்? நானும் கைகூப்பினேன்.

அதிகாரி உள்ளே போய் ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். சுவர்களெல்லாம் நன்றாக இருக்கின்றனவே, இங்கே அவசரமில்லை, அடுத்த லயத்துக்குப் போகலாம் என்றார். மாணவர்கள் சாமான்களைத் தூக்கத் தொடங்கினார்கள். அக்காவின் முகத்தில் ஒரு திருப்தி. தம்பியின் மானம் காப்பாற்றப்பட்ட திருப்தி. சமையலறைப் படத்துக்காக அவளைத் தள்ளி நிற்கச் சொன்னது எனக்கு அப்போது ஞாபகம் வந்தது. அவள் அன்றிலிருந்து தள்ளியேதான் நிற்கிறாள். என்மேல் எனக்கே அருவருப்பாக இருந்தது.

“கொஞ்சம் நில்லுங்க,” என்றேன். “இது என் அக்கா வீடு. நான் பொறந்த வீடு. இதோட பின்சுவர் வெடிச்சிருக்கு.”

யாழ்ப்பாணத்துப் பிள்ளை என்னையே பார்த்தாள். அவளை நேராகப் பார்க்க முடியாமல், சிறிய சுத்தியலை எடுத்துக்கொண்டு உள்ளே போய், பின்சுவரில் கண்ணாடி ஒட்டிய இடத்துக்குப் பக்கத்தில் தட்டினேன். ஈரம் காயாத களிமண் சுண்ணாம்போடு பெயர்ந்து விழுந்தது. கண்ணாடி முன்பே நடுவில் இரண்டாகப் பிளந்திருந்தது, பிளவிலும் களிமண் புகுந்திருந்தது. அதிகாரி விரிசலுக்குள் விரலை விட்டுப் பார்த்தார். விரல் முழுதாக உள்ளே போனது. அதற்குப் பிறகு அவர் அடுத்த லயத்தைப் பற்றிப் பேசவில்லை. முதல் வீடுகள் இந்த லயத்துக்குத்தான் என்று வாசலில் வைத்தே சொன்னார்.

எல்லோரும் வெளியே போன பிறகு, கண்ணாடி உடைந்ததை எனக்குச் சொல்லாமல் ஏன் மூடிப் பூசினாய் என்று அக்காவிடம் கேட்டேன். பெரிய ஆட்கள் முன்னால் உனக்குத் தலைகுனிவு வரக்கூடாது என்றுதான் என்றாள். உன்னை அக்கா என்று சொல்ல வெட்கப்பட்டேன், என்னை மன்னித்துவிடு என்றேன். அவள் உதிர்ந்து கிடந்த சுண்ணாம்பைக் கூட்டி அள்ளினாள்.

“அத மொதல்லயே சொல்லியிருந்தீன்னா, சுண்ணாம்பாச்சும் மிஞ்சியிருக்கும் தம்பி.”

எந்தச் சுவர் எவ்வளவு தாங்கும் என்று ஊருக்கெல்லாம் கணக்குப் போட்டுச் சொல்கிற எனக்கு, அக்காவை அக்கா என்று நாலு பேர் முன்னால் கூப்பிட ஒரு சுவர் வெடிக்க வேண்டியிருந்தது.