ஆள் இல்லாதபோது பேசிய குரல்

எண்பதுகளின் தொடக்கம். மலேசியாவில், கெடா மாநிலத்தில், செமிலிங் பக்கம் ஒரு கித்தாத் தோட்டத்தில், அதாவது ரப்பர் தோட்டத்தில், நாங்கள் குடியிருந்தோம். அப்பாவும் அம்மாவும் விடியும் முன்னே மரம் சீவக் கிளம்பிவிடுவார்கள். நான் வீட்டில் இருப்பேன். குழந்தையாக இருந்தபோது வந்த போலியோவில் என் இரண்டு கால்களும் போய்விட்டன. கைகளை ஊன்றித் தரையில் நகர்ந்துதான் எனக்கு நடமாட்டம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளி வரை அப்பா தூக்கிக்கொண்டு போய் விட்டார். அடுத்த பள்ளிக்கூடம் பட்டணத்தில் இருந்ததால் படிப்பு அதோடு நின்றது. அதற்குப் பிறகு ஆஸ்பத்திரியைத் தவிர வேறெங்கும் நான் போனதில்லை. இருபது வயதைத் தாண்டியும் அப்படித்தான் இருந்தேன்.

நாங்கள் கத்தோலிக்கர்கள். மாதா கோயிலுக்கு என்னால் போக முடியாததால் கோயில்காரர்கள்தான் வீட்டுக்கு வருவார்கள். தலையில் கை வைத்து ஜெபிப்பார்கள். விசுவாசம் இருந்தால் எழுந்து நடப்பாய் என்பார்கள். நல்ல மனிதர்கள்தான். நானும் தலையாட்டிக்கொண்டே கேட்பேன்.

அந்தச் சமயத்தில்தான் ஒரு அக்கா எங்கள் வீட்டுக்கு வந்தார். பல்கலைக்கழகத்தில் மேல்படிப்பு படித்தவர். உடல் ஊனமுற்றவர்கள் தோட்டங்களிலும் சின்னப் பட்டணங்களிலும் எப்படி வாழ்கிறார்கள், என்ன கருவிகள் அவர்களுக்குக் கிடைக்கின்றன, கோயிலும் சாமியும் அவர்களுக்கு எந்த அளவுக்குத் துணையாக இருக்கின்றன என்று ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கையில் ஒரு டேப் ரெக்கார்டர். பேசுவதைப் பதிவு செய்துகொள்ளலாமா என்று என்னிடமே கேட்டார். அதுவரை என்னைப் பற்றிய எதையும் வந்தவர்கள் அம்மாவிடம்தான் கேட்பார்கள்.

“ஒங்களப் பாக்க வர்றவங்க ஒங்ககிட்ட என்ன கேப்பாங்க?” என்றார்.

யோசித்துப் பார்த்தேன். “ஒண்ணும் கேக்க மாட்டாங்கக்கா. அவங்களே பேசிட்டு, ஜெபம் பண்ணிட்டுப் போயிடுவாங்க” என்றேன். சொன்னதும் எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. அவரும் சிரித்தார்.

அக்கா ஆங்கிலப் பள்ளியில் படித்தவர். தமிழ் நன்றாகப் பேசுவார், எழுதுவதுதான் தடுமாற்றம். நான் எழுதுவதைப் பார்த்துவிட்டு, பதிவு செய்ததைக் கேட்டு எழுதித் தரும் வேலையை எனக்கே கொடுத்தார். கேட்பதை யாரிடமும் சொல்லக் கூடாது என்று ஒரே ஒரு கண்டிப்பு. சனிக்கிழமைதோறும் தன் காரில், எங்கள் பேச்சில் காடியில், வந்து புதுக் கேசட்டுகளைக் கொடுத்துவிட்டு, எழுதியவற்றை வாங்கிக்கொண்டு போவார்.

என் வாழ்க்கையே மாறிப்போனது. ஒரு டேப் ரெக்கார்டரும் காதில் மாட்டிக்கொள்ளும் கருவி ஒன்றும் தந்திருந்தார். அதை மாட்டிக்கொண்டால் யான் என்ற ஊர்ப் பக்கத்து ஆள், பீடோங் ஆள், முகம் தெரியாத எத்தனையோ பேர் என்னோடு பேசினார்கள். பேட்டரி தளர்ந்தால் குரல்கள் இழுபட்டுக் கனத்துப்போகும். பேட்டரியை வெயிலில் காயவைத்து மறுபடியும் போட்டுக் கேட்பேன். என்னைப் போல் இத்தனை பேர் இருக்கிறார்கள் என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

ஒரு நாள் காலை, கோத்தா கோலா மூடா என்ற கடலோர ஊரில் எடுத்த பதிவைக் கேட்டுக்கொண்டிருந்தேன். பேசியவர் ஓர் இளைஞர். மீன் லாரியில் உதவியாளாக இருந்தவர். விபத்தில் முதுகெலும்பு முறிந்து, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் அண்ணன் வீட்டில் படுத்திருந்தார். பேச்சுக்கு நடுவே யாரோ வெளியிலிருந்து கூப்பிட, அக்கா எழுந்து போகும் சத்தம் கேட்டது. டேப் ஓடிக்கொண்டே இருந்தது. கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. பிறகு அவர் குரல் மிக மெதுவாக வந்தது.

“இந்தப் பெட்டி ஓடுதா இல்லயான்னு தெரியல. ஓடுனா ஓடட்டும். மனுசங்ககிட்ட சொல்ல முடியல, இதுகிட்டயாவது சொல்றேன்லா. அண்ணி வச்சிட்டுப் போற சோத்த நான் சாப்புடுறதில்ல. ஜன்னல் வழியா கோழிக்குப் போட்டுடுறேன். கொஞ்சம் கொஞ்சமா கொறச்சிட்டே வந்தா, யாருக்கும் தெரியாம முடிஞ்சிரும். அண்ணனுக்கும் பாரம் எறங்கும். பாக்க வர்றவங்க துன்னூறு பூசி, கண்ண மூடிக் கும்பிட்டுட்டுப் போயிடுறாங்க. கண்ணத் தொறந்து என்னப் பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்.”

அக்கா திரும்பி வரும் காலடிச் சத்தம். வீட்டில் எப்படிக் கவனித்துக்கொள்கிறார்கள் என்று கேட்டார். “நல்லா பாத்துக்கிறாங்கக்கா. ஒரு கொறையும் இல்ல” என்று அதே வாய் தெளிவாகச் சொன்னது.

பதிவு செய்து நாட்கள் ஓடிவிட்டன. சனிக்கிழமை வரை காத்திருந்தால் என்ன ஆகும்? மதியம் வேலை முடிந்து அப்பா வாசலில் கால் கழுவும்போதே கூப்பிட்டேன்.

“அப்பா, சாமான் கடைக்குப் போயி அக்காவுக்கு போன் அடிங்க. ஒடனே வரச் சொல்லுங்க.”

“என்னம்மா, ஒடம்புக்கு முடியலையா?”

“எனக்கு ஒண்ணுமில்லப்பா. ஏன்னு மட்டும் கேக்காதீங்க.”

என் முகத்தை ஒருமுறை பார்த்தார். ஈரக் காலோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். அந்த நம்பிக்கைக்கு இன்றுவரை அப்பாவுக்குக் கடமைப்பட்டிருக்கிறேன்.

அக்கா பக்கத்துப் பட்டணமான சுங்கைப் பட்டாணியில் தங்கியிருந்ததால் சீக்கிரமே வந்துவிட்டார். அந்த இடத்தைப் போட்டுக் காட்டினேன். கேட்டு முடித்ததும் காதுக் கருவியைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தார்.

“நான் எழுதத்தான் வந்தேன். அவரு சாகுறத எழுதிட்டுப் போக வரல. இப்பவே போறேன்” என்றார்.

“நானும் வரேன்க்கா.” எப்படி அது என் வாயிலிருந்து வந்தது என்று தெரியவில்லை.

“வா. நான் தனியா போனா, மறுபடியும் ஒரு கொறையும் இல்லன்னுதான் சொல்வாரு.”

அப்பா என்னைத் தூக்கி அக்காவின் காடியில் உட்காரவைத்தார். முதன்முறையாகக் கடலோர ஊருக்குப் போகிறேன். கடலைப் பார்த்தேனா என்றுகூட நினைவில்லை. அங்கே போய் என்ன சொல்வது என்று மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன்.

அது மரக்கால்கள் மேல் உயரமாக நின்ற பலகை வீடு. அண்ணனும் அண்ணியும் வேலைக்குப் போயிருந்தார்கள். கதவு திறந்தே கிடந்தது. அக்கா என்னைத் தூக்கக் குனிந்தார். வேண்டாம் என்றேன். பிறத்தியார் வீட்டுக்குள் முதன்முதலாகப் போகிறேன், நானாகவே போக வேண்டும் என்று தோன்றியது. கைகளை ஊன்றி, உடம்பை இழுத்து, மரப்படிகளில் ஒவ்வொன்றாக ஏறினேன். கட்டிலில் கிடந்தவர் தலையைத் திருப்பி அதைப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

கிட்டே போனபோது பயந்துபோனேன். சட்டைக்குள் ஆளே இல்லாதது போல் இருந்தார். பக்கத்தில் ஒரு பலகை மேல் மூடிவைத்த சோற்றுத் தட்டு. ஜன்னலுக்கு வெளியே கோழிகள் கொத்திக்கொண்டு நின்றன. காடியில் ஒத்திகை பார்த்ததெல்லாம் மறந்துவிட்டது.

“செமிலிங்லேர்ந்து வரேன். அக்கா எடுக்குற கேசட்டக் கேட்டு எழுதுறது நான்தான். நீங்க பேசுனதக் கேட்டுட்டேன்” என்றேன்.

முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். “ஒங்கள யாரு வரச் சொன்னா?” என்றார். பிறகு அக்காவைப் பார்த்து, “ரகசியம்னுதானேக்கா சொன்னீங்க?”

“ஆமாப்பா. எங்க ரெண்டு பேரத் தவிர யாருக்கும் தெரியாது. நீங்க சொல்லாம ஒங்க அண்ணன்கிட்டயும் நான் சொல்ல மாட்டேன்.” அக்கா வெளியே போய்ப் படியில் உட்கார்ந்துகொண்டார்.

நான் போகவில்லை. பேசவும் தெரியவில்லை. ஆறுதலாக நான் கேட்டுப் பழகிய வார்த்தைகள் எதுவும் அந்த இடத்தில் சொல்லத் தகுந்தவையாகப் படவில்லை. தரையில் சும்மா உட்கார்ந்திருந்தேன். வலித்த கையைத் தடவிக்கொண்டிருந்தேன் போலிருக்கிறது.

“கையில என்ன?” என்றார் திடீரென்று.

“மரச் சிலாம்பு ஏறிடுச்சு. ஒங்க வீட்டுப் படிதான்.”

“கொண்டாங்க.”

கையைக் கட்டிலுக்கு மேலே நீட்டினேன். அவர் தலையைத் தூக்கி, மூச்சு வாங்க, நகத்தால் தோலை ஒதுக்கி அந்தச் சிலாம்பை எடுத்தார். வலிக்காமல் எடுக்க வேண்டும் என்று அத்தனை கவனம். ரத்தம் வந்த இடத்தைத் தன் சட்டை நுனியால் அழுத்திப் பிடித்துக்கொண்டார். அப்படியே அழத் தொடங்கிவிட்டார். நானும் அழுதேன்.

ரொம்ப நேரம் கழித்து, “பசியாறிட்டீங்களா?” என்று கேட்டார். எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு வந்தவரை எவரும் கேட்கும் கேள்விதான்.

“இல்லலா. காலையிலேர்ந்து ஒங்க கேசட்டுதான் காதுல.”

தட்டைக் காட்டினார். “அத சாப்புடுங்க.”

“ரெண்டு பேருமா சாப்புடுவோம்.”

ஆறிப்போன சோறும் மீன் குழம்பும். நான் ஒரு வாய் வைத்தேன். அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவருடைய விரல்கள் தட்டுக்கு வந்தன. சின்னதாக ஓர் உருண்டை பிடித்து வாயில் போட்டு, விழுங்கச் சிரமப்பட்டு, தண்ணீர் குடித்து விழுங்கினார். இன்னொன்றும் எடுத்தார். அதற்கு மேல் முடியவில்லை. போதும் என்று விட்டுவிட்டோம்.

எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிடவில்லை. அண்ணியிடம் அவரே சொன்னார், சில நாள் கழித்து. அவர் சம்மதத்தோடு அக்கா டாக்டரை அழைத்து வந்தார். முதுகில் புண் சீழ் வைத்திருந்தது அப்போதுதான் வீட்டாருக்கே தெரிந்தது. ஆஸ்பத்திரியில் பல வாரம் கிடந்து தேறினார். எனக்கும் அவருக்கும் கேசட்டில் பேசி அனுப்பும் பழக்கம் வந்தது. முதலில் அக்கா கொண்டுபோய்க் கொடுப்பார், பிறகு தெரிந்த பஸ் டிரைவர்கள். வீட்டுக்கு டெலிபோன் வந்ததும், படுத்தபடியே மீன் லாரிகளுக்கு ஆர்டர் எடுக்கும் வேலையைப் பிடித்துக்கொண்டார். குரலை வைத்தே பிழைக்கிறேன் என்று சிரிப்பார்.

அந்தப் பதிவை என்ன செய்யட்டும் என்று அக்கா அவரிடமே கேட்டிருக்கிறார். அழித்துவிடச் சொன்னாராம். அழித்துவிட்டார். அக்காவின் ஆராய்ச்சியில் அந்தப் பேச்சு ஒரு வரிகூட இல்லை. இப்போது நான் இதை எழுதுவதுகூட அவரிடம் கேட்டுவிட்டுத்தான்.

அதற்குப் பிறகு நானும் வீட்டோடு அடங்கிக் கிடக்கவில்லை. யாராவது படுக்கையில் கிடக்கிறார்கள் என்று கேள்விப்பட்டால், கோயில்காரர்களோடு நானும் காடியில் ஏறிவிடுவேன். போன இடத்தில் முதலில் ஒரு கேள்வி கேட்பேன், பிறகு பதில் வரும்வரை உட்கார்ந்திருப்பேன். என் கால்களுக்காக எத்தனையோ பேர் ஜெபித்தார்கள், அவர்களுக்கெல்லாம் நன்றி. நான் எழுந்து நடக்கவே இல்லை, ஆனால் அன்று பிற்பகல் அந்த வீட்டில் ஒரு மனிதர் தன் கையாலேயே ஒரு வாய்ச் சோறு எடுத்து உண்டதைப் பார்த்தேன், அற்புதம் என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்கு அதுதான் நினைவுக்கு வருகிறது.