கோசோங் கோயில்

கிள்ளானில் ஒரு குறிப்பிட்ட வயதுக்கு மேற்பட்ட தம்பதிகள் வீட்டுக் கல்யாண ஆல்பத்தைப் புரட்டினால், படத்தில் இருக்கும் எல்லாருமே மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்பது தெரியும். அது திருச்செல்வம் எடுத்த படம். பொத்தானை அழுத்துவதற்கு முன், "ஆடாதீங்க. ஆடினா போச்சு" என்பார். மாப்பிள்ளை, பொண்ணு, தாய்மாமன், விசிறி பிடித்திருக்கும் சிறுமி வரை உறைந்துபோவார்கள். கேமரா மாறி, பிலிம் ஒழிந்து, ஆடினாலும் ஒன்றும் போகாத காலம் வந்த பிறகும் அவர் அதை விடவில்லை. ஊரில் அவருக்குப் பெயரே 'ஆடாதீங்க அண்ணன்'.

புகைப்படக் கடையில் முருகன் படத்துக்குக் கீழேதான் அவர் நாற்காலி. ஆனால் அவரை மாற்றியது தேவாலயங்கள். கிறிஸ்தவக் கல்யாணத்தில் பொண்ணு எப்போதும் தாமதமாக வரும். அதுவரை செய்ய எதுவும் இருக்காது. சுபாங் ஜெயாவில் அப்படி ஒரு நாள் காத்திருந்தபோது அண்ணாந்து பார்த்தார். பூச்சு இல்லை, சாயம் இல்லை, வெறும் கான்கிரீட். வார்க்கும்போது அடைத்த பலகையின் ரேகையும் முடிச்சும் அப்படியே சுவரில் பதிந்திருந்தன.

"கட்டி முடிக்கலயா?" என்று மாப்பிள்ளையின் தம்பியைக் கேட்டார்.

"முடிச்சாச்சு அங்கிள். டிசைனே அப்படித்தான்."

திருச்செல்வம் நம்பவில்லை. நம்பாமலே பார்த்துக்கொண்டிருந்தார். அன்றைக்குப் பொண்ணு வந்ததையும் அவர் பார்க்கவில்லை.

அதிலிருந்து ஆல்பங்களில் கூரை ஏறத் தொடங்கியது. முதலில் கால்வாசி, அப்புறம் பாதி. ஒரு மாமனார் ஆல்பத்தோடு கடைக்கே வந்துவிட்டார்.

"பாஸ், என் மருமக எங்க?"

"கீழ மூலையில இருக்காங்க பாருங்க."

"இது பூக்கூடை லா!"

திருச்செல்வத்தின் மனைவி நல்லம்மாள் சமாதானம் பேசி அவரை அனுப்பிவைத்தாள். "பட்டும் நகையுமா பொண்ணு வந்து நிக்குது. நீங்க சிமெண்டப் பாத்து வாயப் பொளந்துகிட்டு நிக்கிறீங்க" என்றாள். உண்மை அதுதான்.

அந்தப் பூக்கூடை ஆல்பம் எப்படியோ ரமணியின் கைக்குப் போனது. ரமணி கட்டடக் கலைஞர். கான்கிரீட் தேவாலயங்களின் உட்புறங்களை மட்டும் வைத்து பிரிக்பீல்ட்ஸில் ஒரு படக் கண்காட்சி நடத்தப் போகிறாள். "ஆல்பத்துல கூரை மட்டும்தான் அங்கிள் நல்லாருக்கு" என்றாள். திருச்செல்வத்தின் தொழில் வாழ்க்கையில் கிடைத்த முதல் விமர்சனம் அது, அவருக்கு மனம் குளிர்ந்துபோனது. ஒரே ஒரு நிபந்தனை போட்டாள்: படத்தில் ஆளே இருக்கக் கூடாது.

காலமெல்லாம் மனிதர்களை வரிசையில் நிறுத்தி, குட்டையானவரை முன்னால் இழுத்து, கண்ணை மூடியவரைத் திட்டி வாழ்ந்தவரிடம் ஆளில்லாத படம் வேண்டும் என்றால் அவருக்கு எப்படி இருக்கும்? பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை விட்ட மாதிரி இருந்தது. வாழ்நாளில் அப்படி ஒன்றாவது எடுத்துவிட வேண்டும் என்று தீர்மானித்தார். எதை எடுப்பது என்பதிலும் சந்தேகமில்லை. சுங்கை வேயில் தொழிற்சாலைகளுக்குப் பின்னால் இருக்கும் பிலோமினா ஆலயம். காகிதத்தை மடித்துக் கவிழ்த்த மாதிரி கூரை. பீடத்துக்குப் பக்கத்தில் தரையிலிருந்து கூரைவரை ஓர் இடுக்கு. காலை வெயில் அதன் வழியாக நுழைந்து, பலகை ரேகை பதிந்த சுவரில் சாய்வாகக் கொஞ்ச நேரம் நிற்கும்; பிறகு போய்விடும்.

ஒரு சிக்கல் இருந்தது. அந்தச் சுவருக்குப் பீச் நிறத்தில் சாயம் அடிக்கக் கோயில் குழு முடிவு செய்திருந்தது. திங்கட்கிழமை சாயக்காரர்கள் வருகிறார்கள். ஞாயிறு பூசை. மிச்சம் சனிக்கிழமை காலை மட்டும்.

கோயில் சாவி வாலண்டைனிடம் இருக்கும். திருச்செல்வம் தொலைபேசியில் அழைத்தார்.

"சனிக்கிழம காலையில கோயில் கோசோங்கா இருக்கணும் அண்ணே. அப்பதான் பிரிக்பீல்ட்ஸ் கண்காட்சிக்குப் படம் நல்லா வரும்."

"கோசோங்கா?" என்றார் வாலண்டைன்.

"ஆமா. சுத்தமா கோசோங்."

மலாய் மொழியில் கோசோங் என்றால் காலி. அந்த ஊரில் ரொட்டி கோசோங் என்றால் உள்ளே ஒன்றும் வைக்காத ரொட்டி. தே ஓ கோசோங் என்றால் சர்க்கரையில்லாத கறுப்புத் தேநீர். யாருக்கும் வருத்தமில்லை. ஆனால் பிலோமினா ஆலயத்துக்கு ஆள் வரத்துக் குறைந்துவிட்டது, சுபாங் ஜெயா ஆலயத்தோடு சேர்த்துவிடப் போகிறார்கள் என்று ஒரு வதந்தி ஒரு வருடமாக உலவியது. அந்த நிலையில் கோசோங் என்பது வேறு வார்த்தை. வாலண்டைன் உடனே கோயில் வாட்ஸ்அப் குழுவில் குரல் பதிவு போட்டார்: "மக்களே, சனிக்கிழம ஒருத்தர் கேமராவோட வராரு. நம்ம கோயில் கோசோங்கா கெடக்குன்னு படம் எடுத்து பிரிக்பீல்ட்ஸ்ல மாட்டப் போறாராம். என்ன செய்யலாம்னு நீங்களே சொல்லுங்க."

சனிக்கிழமை காலை திருச்செல்வம் கேமரா முக்காலியும் தோளுமாகக் கதவைத் தள்ளினார். கோயில் நிரம்பி வழிந்தது. பட்டுச் சேலை, மல்லிகைப் பூ, கோட். ஞாயிற்றுக்கிழமை யாரும் உட்கார்ந்திராத முன்வரிசையில்கூட இடமில்லை. பக்கத்துத் தெரு மெத்தடிஸ்ட் சபைக்காரர்களையும் இரவல் வாங்கியிருந்தார்கள். மூன்றாவது பெஞ்சில் சாப்பாட்டுக் கடை குரு நெற்றி நிறையத் திருநீற்றோடு உட்கார்ந்திருந்தார்.

"குரு, நீ இங்க என்ன பண்ற?"

"கூப்பிட்டாங்கண்ணே. கூட்டம் பத்தலையாம்."

திருச்செல்வம் வாலண்டைனை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். "கோசோங்கா இருக்கணும்னு சொன்னேன்ல?"

"அதான் விடமாட்டோம்ல!"

விளக்கம் சொல்ல நேரமில்லை. வெயில் இடுக்குக்கு வந்துவிட்டது. திருச்செல்வத்துக்கு அப்போதுதான் பையில் இருந்த கறுப்புக் கண்ணாடி ஞாபகம் வந்தது. அதை லென்ஸுக்கு முன்னால் மாட்டினால் நிமிடக் கணக்கில் கேமராவைத் திறந்துவைக்கலாம். அசையாதது பதியும். நடமாடுவது பதியாது, காற்று மாதிரி போய்விடும்.

"எல்லாரும் எழுந்திருங்க!" என்றார். "கோயிலச் சுத்தி நடங்க. நான் போதும்னு சொல்ற வரைக்கும் நிக்கவே கூடாது. நடந்தாத்தான் உயிரோட்டமா இருக்கும்."

பாதி பொய் சொன்னதில் அவருக்கு உறுத்தல்தான். வெயில் அதைவிட உறுத்தியது. மக்கள் சந்தோஷமாக நடந்தார்கள். யாரோ பாட்டு எடுத்துக்கொடுத்தார்கள். குருவும் தெரியாத வரிகளுக்கு வாயசைத்துக்கொண்டே நடந்தார். திருச்செல்வம் சுவரில் கண்ணை வைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினார். அழுத்தும்போது வாய் தன் பாட்டுக்கு ஏதோ முணுமுணுத்தது. அதை அவர் கவனிக்கவில்லை.

வெயில் விலகியதும் "போதும்" என்றார். கேமராவின் திரை விழித்தது. கூரை, இடுக்கு, சுவரில் பலகை ரேகைமேல் பொன் மாதிரி வெளிச்சம், வெறும் பெஞ்சுகள். எல்லாம் அவர் கனவு கண்டபடி. நட்டநடுவில், தூணுக்குப் பக்கத்தில், கைப்பையை வயிற்றோடு அணைத்துக்கொண்டு, நறுக்கென்று, கோயில்காரர்களில் மூத்தவளான ரோசலின்.

"அக்கா! ஏன்க்கா நடக்கல?"

"நீங்கதானே தம்பி சொன்னீங்க, ஆடினா போச்சுன்னு. என் காதுல விழுந்துச்சே." ரோசலின் சுற்றியிருந்தவர்கள் பக்கம் திரும்பினாள். "என் கல்யாணத்துலயும் இவர்தான் சொன்னாரு. நான் கேட்டேன். என் வீட்டுக்காரர் கேக்கல. இன்னிக்கும் ஆல்பத்துல கண்ண மூடிகிட்டு நிக்கிறாரு."

அதற்குள் கூட்டம் திரையை மொய்த்துக்கொண்டது.

"நாங்க எங்க?"

"இருக்கீங்க. ஆனா தெரியமாட்டீங்க."

"கோசோங்!" என்று அலறினார் வாலண்டைன். "சொன்ன மாதிரியே கோசோங் ஆக்கிட்டாரு!"

ஒரு பெண் தன் பட்டுச் சேலையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். இன்னொரு படம் எடுக்க வெயில் இல்லை. இருக்கிற படத்தை வெளியே விட வாலண்டைனுக்கு மனமில்லை. கதவை மறித்துக்கொண்டு நின்றார். திருச்செல்வம் யோசித்தார். வாழ்நாளில் அவருக்கு வேண்டியிருந்தது ஒரே ஒரு படம். அது இப்போது வாசலைத் தாண்டவேண்டும்.

"பேர் போட்டா விடுவீங்களா?" என்றார்.

கண்காட்சியில் அந்தப் படத்துக்குக் கீழே மட்டும் நீளமாக ஒரு குறிப்பு தொங்கியது. இடமிருந்து வலம் என்று ஆரம்பித்து, வாலண்டைனில் தொடங்கி, குரு (சாப்பாட்டுக் கடை) வரை எல்லார் பெயரும் இருந்தது. கடைசியில், "நிற்பவர்: ரோசலின்." ஆளே கூடாது என்றிருந்த ரமணி படத்தையும் குறிப்பையும் மாறி மாறிப் பார்த்தாள். மறுநாள், "சரி, மாட்டுங்க" என்று மட்டும் சொன்னாள்.

பிரிக்பீல்ட்ஸில் மற்றப் படங்களை ஜனங்கள் தலையை ஆட்டிவிட்டுக் கடந்தார்கள். இதன் முன்னால் மட்டும் நெரிசல். குறிப்பைப் படிப்பார்கள், படத்தைப் பார்ப்பார்கள், மூக்கு இடிக்கும்வரை கிட்டே போவார்கள். சுங்கை வேயிலிருந்து வேன் வைத்து வந்திருந்த கோயில்காரர்களிடம் வாலண்டைன் விரலை நீட்டி விளக்கிக்கொண்டிருந்தார். "இந்தப் பக்கம் மங்கலாத் தெரியுதுல்ல? அது நான்தான்." அது கான்கிரீட்டில் பதிந்த ஒரு பலகை முடிச்சு. திருச்செல்வம் திருத்தவில்லை.

கூட்டம் சற்று விலகியபோது அவர் தள்ளி நின்று ஒரு கண்ணை மூடினார். கட்டைவிரலை நீட்டி ரோசலினை மறைத்தார். கூரை, இடுக்கு, வெளிச்சம். ஆளில்லை. அவருடைய படம். மூச்சைக்கூட விடாமல் நின்றார்.

"அங்கிள்," பின்னாலிருந்து ஒரு பெண் கைப்பேசியை நீட்டிப் பிடித்தபடி குரல்கொடுத்தாள், "கொஞ்சம் தள்ளுங்க லா. படத்துல விழறீங்க."