நான் மானாக இருந்த பத்து விநாடி

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு நவம்பர் சனிக்கிழமை. டென்மார்க்கில் கிரின்ஸ்டெட் நகருக்கு வெளியே உள்ள ஊசியிலைக் காடு. என்னோடு தொழிற்சாலையில் வேலை செய்யும் டெனிஷ்காரர் ஒருவர் மான் வேட்டைக்கு அழைத்திருந்தார். சுடுவதற்கு அல்ல. காட்டின் மறுபக்கத்தில் துப்பாக்கியோடு நிற்பவர்களை நோக்கி, வரிசையாக நடந்து சத்தம்போட்டு மான்களைக் கலைக்க வேண்டும். அவர் கையால் காட்டிய உயரத்தைப் பார்த்தால், இந்த மான்கள் எங்கள் இலங்கைக் காட்டுப் பெரிய மானான மரை அளவு இருக்கும். தமிழ்ச் சங்கக் கூட்டங்களில் பதினைந்து வருடம் சத்தம் போட்டவன் என்ற தகுதியில் ஒப்புக்கொண்டேன்.

காலையில் எங்களுக்குப் பளிச்சென்ற செம்மஞ்சள் மேலங்கி தந்தார்கள். மானையும் மனிதனையும் பிரித்தறிய அதுதான் அடையாளம். போட்டேன். காட்டுக்குள் குளிர் ஏறியது. அதற்கு மேல் என் மண்ணிறக் கோட்டையும் போட்டுக்கொண்டேன். கோயில் திருவிழாவில் பட்டுச்சேலைக்கு மேல் பனிக்கோட்டு போடும் சமூகம் எங்களுடையது. இரண்டாவது தடவை யோசிக்கவில்லை.

கூட வந்த தமிழ்த் தம்பி முன்னால் போய்விட்டான்.

"அண்ணை, கத்திக்கொண்டு வாங்கோ! சத்தமில்லாட்டி மான் எழும்பாது."

"எனக்கு மூச்சே எழும்புதில்லையடாப்பா."

அதுதான் நான் கடைசியாகப் போட்ட சத்தம். தாழ்ந்த கிளைகளுக்கு அடியால் தவழ்ந்து வெளியே தலையை நீட்டப் பார்த்தேன். ஐம்பது மீட்டருக்கு அப்பால் என்னை அழைத்த அதே டெனிஷ்காரர். துப்பாக்கிக் குழாய் நேரே என்னைப் பார்த்தபடி இருந்தது.

அப்போதுதான் கோட்டு நினைவுக்கு வந்தது. கையுறையோடு பொத்தான் கழலவில்லை. 'சுடாதே' என்பதற்கான டெனிஷ் சொல் மறந்துவிட்டது. தமிழும் வரவில்லை. வந்தது ஒரு முனகல். சரியாக மான் முனகுவது போலவே.

பத்து விநாடி இருக்கும், அவர் அசையவில்லை. பிறகு, நான் தலையை முழுதாக வெளியே நீட்டியதும், மெல்ல, குழாய் தாழ்ந்தது.

எழுந்து கோட்டைக் கிழிக்காத குறையாகக் கழற்றினேன். அவர் தோட்டாவை வெளியே எடுத்துவிட்டு அப்படியே ஈரப் புல்லில் உட்கார்ந்தார்.

"முதுகு மட்டும்தான் தெரிந்தது. முழுதாகத் தெரியட்டும் என்று நின்றேன்" என்றார். ஒரு வார்த்தை ஏசவில்லை. அன்று அவர் அதற்குப் பிறகு துப்பாக்கியைத் தொடவும் இல்லை.

திரும்பும்போது தம்பி காரில் என் மனைவியை நினைத்து மெதுவாகச் சொன்னான்: "அண்ணை, வீட்டில அக்காவுக்குச் சொல்லிப்போடாதேங்கோ. அவ நின்று பாக்கமாட்டா, சுட்டுப்போடுவா."

சிரித்தேன். ஆனால் இன்றைக்கும், எவரையாவது அரைகுறையாகக் கண்டதை வைத்துத் தீர்ப்புச் சொல்ல வாய் திறக்கும்போது, முழுதாகத் தெரியட்டும் என்று ஒரு மனிதர் காத்து நின்ற அந்தப் பத்து விநாடியால்தான் நான் இன்னும் உயிரோடிருக்கிறேன் என்பது நினைவுக்கு வந்து, வாயை மூடிக்கொள்கிறேன்.