ஈக்களுக்கு ஆகாத வெயில்

அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்தபோது, நான் பெங்களூரு ஆய்வகம் ஒன்றில் பழ ஈக்களின் கண்களை ஆராய்ந்துகொண்டிருந்தேன். விழுப்புரத்தில் அறுவை சிகிச்சை முடிந்து, திண்டிவனம் வீட்டுக்கு வந்தோம். அப்பா இல்லை. அண்ணன் துபாயில். பத்து நாள் என்று சொல்லி வந்தவள் நான்கு மாதம் இருந்தேன்.

பன்னிரண்டு குப்பிகளில் என் ஈக்களும் கூட வந்தன. கண்ணில் வெளிச்சத்தை உணரும் செல்லுக்கு மேல்பக்கம், பக்கவாட்டுப் பகுதி என்று உண்டு. எது மேல்பக்கம் என்று அதற்குக் காட்டுவது அதன் உறையிலிருக்கும் ஒருவகைக் கொழுப்பு. அந்தக் கொழுப்பின் அளவு தவறினால் செல் தடுமாறிப்போகும், கண் கோணலாகும். அப்படிப்பட்ட ஈக்களை இரண்டு வருடம் கலப்புச் செய்து உண்டாக்கியிருந்தேன். ஆய்வகத்தில் வைத்திருந்த இன்னொரு தொகுதி செள்ளுப்பூச்சி பிடித்து அழிந்துவிட்டது, மிஞ்சியவை இவைதான்.

அடுப்பில் கேப்பை மாவும் வெல்லமும் ஈஸ்ட்டும் கடற்பாசியும் கொதித்தன.

"இன்னாடி, கூழா?" என்றாள் அம்மா, கட்டிலிலிருந்து.

"ஈக்கு சாப்பாடும்மா."

"எனக்கு கஞ்சி எப்போ?"

இரண்டு மணிக்கொரு தரம் அவளைத் திருப்பிப் படுக்கவைக்க வேண்டும். தெருமுனைக் கடைக்குப் போனாலே போன் வரும். மே மாதம். ஈரத்துணி சுற்றி மணலில் வைத்தும் குப்பிகள் சூடாகவே இருந்தன. அந்தச் சூட்டில் ஆண் ஈக்கள் மலடாகிவிடும். முட்டைகள் இருந்தன, புழு வரவில்லை. ஒவ்வொன்றாகக் குப்பிகளைக் கழுவிக் கவிழ்த்தேன்.

"எல்லாம் செத்துப்போச்சா? என்னாலதானே?"

"இல்லம்மா, வெயிலு."

அன்று அவளிடம் காரணமில்லாமல் எரிந்து விழுந்தேன்.

ஒரே ஒரு குப்பியில் ஏழெட்டுப் புழுக்கள் நெளிந்தன. ஆய்வகத் தோழி ஒருத்தி புதுச்சேரியிலிருந்து விழுப்புரம் வழியாகப் பெங்களூருக்கு ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தாள். அதே நாளில் அம்மாவுக்கு விழுப்புரத்தில் பரிசோதனை. சக்கர நாற்காலியில் அவளை வரிசையில் விட்டுவிட்டு, "கால் மணி நேரத்துல வந்துடறேம்மா" என்று ஸ்டேஷனுக்கு ஆட்டோ பிடித்தேன்.

தோழி பெட்டியின் வாசலில் நின்று குப்பியை வாங்கிக்கொண்டாள். "நீ எப்ப வர்ற?"

"தெரியல."

ரயில் நகர்ந்தது. இரண்டு எட்டு கூடவே நடந்தேன். ஏறிவிடலாம் என்று உண்மையிலேயே தோன்றியது. கையில் போன் அடித்தது.

"எங்கடி இருக்கே? நம்ம பேரு கூப்ட்டாங்க."

"வந்துக்கினே இருக்கேம்மா."

அந்தப் புழுக்கள் பிழைத்தன. அவற்றின் கண்களைத் தோழிதான் படமெடுத்தாள். நான் திரும்பிப் போனபோது ஆய்வுக் கட்டுரை பாதி எழுதியாகிவிட்டது. எழுதியவர்கள் வரிசையில் முதல் பெயர் அவளுடையது. அவள் ஏமாற்றவில்லை, நான் அங்கே இல்லை, அவ்வளவுதான். கட்டுரை வெளிவந்த அன்று அம்மாவுக்குப் போன் செய்தேன். கைத்தடியோடு கடைத்தெருவரை போய் வறுத்த மல்லாட்டை வாங்கி வந்ததாகச் சொன்னாள். கட்டுரையைப் பற்றி அவளிடம் சொல்லவில்லை.